பால் பைதானின் தலையாட்டம்: நிறத்தோடு கூடவே வரும் கோளாறுகள்

பால் பைதான் (ball python) என்பது பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அதைப் பற்றிய கேள்வி ஒன்று பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தது. “அண்ணா, கோயம்புத்தூரில் ஒருத்தரிடம் பம்பிள்பீ பால் பைதான் ஆண் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. எலி காட்டினால் பாய்கிறது, ஆனால் குறி தப்புகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்து திருகிக்கொள்கிறது. வெயில் சூடு, வைட்டமின் குறைவு, போகப் போகச் சரியாகும் என்கிறார் விற்றவர். அடுத்த வருஷம் இதை ஒரு பாஸ்டல் பெண்ணோடு சேர்க்கலாம் என்று இருக்கிறேன். குட்டிக்கும் இது வருமா?”

சரியாகாது தம்பி. குட்டிக்கும் வரும், சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு. ஆனால் உங்கள் பாம்பின் ஆட்டம் முழுவதும் பிறவிக் கோளாறுதானா, இல்லை அதற்கு மேல் வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். விற்றவர் சொன்ன வெயில் சூட்டில் கால் பங்கு உண்மை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பம்பிள்பீ என்பது தனி ரகம் அல்ல. பாஸ்டல், ஸ்பைடர் என்ற இரண்டு மரபணுக்கள் ஒரே உடம்பில் சேர்ந்தால் வரும் நிறம். கோளாறு ஸ்பைடருடையது. 1999இல் அமெரிக்காவுக்கு வந்த ஒரே ஒரு ஆப்பிரிக்கக் காட்டுப் பாம்பிலிருந்து கிளைத்ததுதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் ஸ்பைடர் கூட்டம். மெல்லிய கறுப்புக் கோடுகள் வலை மாதிரி ஓடும் அந்த அழகுக்காக அதை எதனோடெல்லாமோ சேர்த்தார்கள். பம்பிள்பீ, கில்லர்பீ என்று பெயரில் ‘பீ’ வருகிற பெரும்பாலானவற்றில் ஸ்பைடர் இருக்கிறது. வாங்குகிறவர் ‘ஸ்பைடர் வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பம்பிள்பீயை வாங்கிக்கொண்டு போவதும் நடக்கிறது.

நிறம் மாறினால் தலை ஏன் ஆட வேண்டும்? கருவில் முதுகுத்தண்டு உருவாகும் இடத்தின் ஓரத்திலிருந்து ஒரு வகை செல்கள் கிளம்பி உடம்பெங்கும் பரவும். நரம்பு முகட்டுச் செல்கள் என்று பெயர். தோலுக்கு நிறம் தரும் செல்கள் இவற்றிலிருந்துதான் வருகின்றன. முகத்து எலும்பு, நரம்பு என்று வேறு பல இடங்களிலும் இவற்றுக்கு வேலை உண்டு, உள்காதும் அதில் சேர்த்தி. அதனால் விலங்குகளில் நிறத்தைத் தொடும் மரபணு சில சமயம் காதையும் தொட்டுவிடுகிறது. ராஜபாளையம் நாய் வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும் வேண்டுமென்று தேடித் தேடி இணை சேர்த்த வம்சங்களில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதைப் பார்த்திருப்பார்கள். நாயில் அடிபடுவது கேட்கும் பகுதி. ஸ்பைடரில் அடிபடுவது சமநிலை காக்கும் பகுதி. 2022இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, ஸ்பைடர் பாம்புகளின் தலையையும் சாதாரண பால் பைதான்களின் தலையையும் நுண் சி.டி. ஸ்கேனில் ஒப்பிட்டுப் பார்த்தது. ஸ்பைடர்களின் உள்காதில் அரைவட்டக் குழல்களும், புவியீர்ப்பை உணரும் சின்னப் பையும் உருவிலேயே பிசகியிருந்தன. எது மேல், எது கீழ் என்ற செய்தியே மூளைக்குச் சரியாகப் போவதில்லை. கண்ணும் தொடுவுணர்வும் ஓரளவு ஈடுகட்டுகின்றன. அதனால்தான் சும்மா சுருண்டு கிடக்கும்போது நன்றாகத் தெரிகிற பாம்பு, எலி வாசனை வந்ததும் தலைகீழாகத் திருகுகிறது.

எலும்பில் இருக்கும் பிசகுக்கு வைட்டமின் என்ன செய்யும்? பி காம்ப்ளெக்ஸ் சொட்டு, கால்சியம் சிரப் எல்லாம் காசுக்குக் கேடு. முழு எலி தின்னும் பாம்புக்கு அவை பொதுவாகத் தேவையும் இல்லை. பி1 குறைவால் நடுக்கம் வருவது உண்மைதான், ஆனால் அது மீனை மட்டுமே தின்று வளரும் பாம்புகளில் பார்க்கும் விஷயம்.

ப்ரீடர்கள் சொல்லும் இன்னொரு கதை, “ஆட்டம் குறைவான ஸ்பைடரையே பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு போனால் நாலு தலைமுறையில் போய்விடும்” என்பது. இருபது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேர் முயன்ற பிறகும் ஆட்டமில்லாத ஸ்பைடர் வம்சம் ஒன்று நிலைக்கவில்லை. காரணம் எளிது. கோடு போடுவதும் காதைக் கெடுப்பதும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு மரபணுக்கள் என்றால் என்றைக்காவது பிரிந்திருக்கும். பிரியவே இல்லை என்றால் இரண்டும் ஒரே மரபணுவின் வேலை என்றே கொள்ள வேண்டும். கோடு இருந்தால் காதும் கெட்டிருக்கும், அளவுதான் வேறுபடும். அந்த அளவும் அப்பாவைப் பார்த்து வருவதில்லை. லேசாகத் தலை சாய்க்கும் ஆணுக்கு, நேராக ஊரவே முடியாத குட்டி பிறக்கலாம். கர்ணம் அடிக்கும் புறாவை வளர்ப்பவர்கள் ஒரே ஜோடியின் குஞ்சுகளில் ஒன்று அளவாக அடிப்பதையும் இன்னொன்று தரையில் வந்து மோதுவதையும் பார்த்திருப்பார்கள், ஏறக்குறைய அந்த மாதிரி.

உங்கள் ஜோடிக் கணக்குக்கு வருவோம். பம்பிள்பீ ஆண், பாஸ்டல் பெண். எட்டில் ஒன்று கில்லர்பீ (பாஸ்டல் இரண்டு நகல், கூட ஸ்பைடர்), எட்டில் இரண்டு பம்பிள்பீ, எட்டில் ஒன்று வெறும் ஸ்பைடர். இந்த நான்கிலும் ஆட்டம் இருக்கும். மீதி நான்கில் ஒன்று சூப்பர் பாஸ்டல் (‘சூப்பர்’ என்றால் ஒரே மரபணு இரண்டு நகல்), இரண்டு பாஸ்டல், ஒன்று சாதாரணம். இவை சுத்தம், ஸ்பைடரை மறைத்துச் சுமக்காது. ஸ்பைடர் ஓங்கு மரபணு, ஒரு நகல் இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். பால் பைதான் ஒரு தடவைக்கு ஆறு முட்டை போலத்தான் இடும். ஒவ்வொரு முட்டைக்கும் தனியாகக் காசு சுண்டுவது மாதிரிதான், ஆறும் ஸ்பைடராகவே வரலாம்.

ஸ்பைடரோடு ஸ்பைடரைச் சேர்ப்பது இதைவிட மோசம். இரண்டு நகல் கொண்ட ‘சூப்பர் ஸ்பைடர்’ என்று ஒன்றை இதுவரை யாரும் உறுதியாகக் காட்டியதில்லை. கருவிலேயே அழிந்துவிடுகிறது என்றுதான் கருதப்படுகிறது. நாலு முட்டைக்கு ஒன்று அப்படிப் போகும். ஸ்பைடரோடு ஷாம்பெய்ன் என்ற நிற ரகத்தையும் சேர்க்கக் கூடாது, இரண்டையும் ஒன்றாகச் சுமக்கும் கரு பிழைப்பதில்லை. ஸ்பைடரோடு ஹிடன் ஜீன் வோமா என்ற இன்னொரு ரகம் சேர்ந்தால் பவர்பால் என்று ஒன்று வரும், அதன் ஆட்டம் கண்கொண்டு பார்க்க முடியாது. என் முடிவு நேரடியானது: இருக்கிற பாம்பைக் கடைசிவரை நன்றாக வையுங்கள், அதிலிருந்து இன்னொன்று உண்டாக்க வேண்டாம். பாஸ்டல் பெண்ணுக்கு ஆண்தான் வேண்டும் என்றால் பின்ஸ்ட்ரைப், கிளவுன் என்று ஆட்டம் ஒட்டாத ரகங்கள் எத்தனையோ இருக்கின்றன.

இப்போது அந்தக் கால் பங்கு உண்மை. ஏற்கெனவே ஆடும் பாம்பைச் சூடும் பதற்றமும் இன்னும் ஆட்டும். ஸ்பைடரே இல்லாத பாம்பும் அதிகச் சூட்டில் தள்ளாடும். பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 என்பது புத்தகக் கணக்கு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மார்ச், ஏப்ரலில் தார்சு வீட்டு மாடி அறை மத்தியானம் 37, 38ஐத் தொடும். அப்போது குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே கிடையாது. தெர்மோஸ்டாட் ஹீட் மேட்டை (தொட்டியைச் சூடாக்கும் விரிப்பை) அணைக்குமே தவிர அறையைக் குளிர்விக்காது. பாம்பைக் கீழ்த்தளத்துக்கோ ஓட்டு வீட்டுப் பகுதிக்கோ மாற்றுங்கள். தொட்டியைச் சுவரோரம் தரையில் வையுங்கள். அந்த இரண்டு மாதமும் ஹீட் மேட்டைப் பகலில் முழுக்க அணைத்துவிடலாம். தொட்டிக்குள் இரண்டு முனையிலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் முள்ளைத் தரை மட்டத்தில் வைத்து மூன்று நாள் எழுதிப் பாருங்கள். 34க்கு மேல் போகிறது என்றால் ஆட்டத்தில் ஒரு பங்கு அதனால்தான்.

சூடு இல்லை என்றால் அடுத்ததாகக் கேட்க வேண்டியது, பாம்புக்கு உண்ணிப் பூச்சி வந்து ஏதாவது மருந்து அடித்தீர்களா என்பது. நம் பக்கம் மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். அதையே கலக்கிப் பாம்புக்குத் தடவிவிட்டு, மறுநாள் அது மல்லாந்து துடிப்பதைப் பார்த்து ‘ஸ்பைடர் கோளாறு’ என்று முடிவு கட்டுகிறார்கள். ஐவர்மெக்டின் அளவு தப்பினாலும் நரம்புதான் அடிபடும். மருந்து பட்டிருந்தால் இளஞ்சூட்டு நீரில் கழுவி, தொட்டியில் இருப்பதையெல்லாம் மாற்றி, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாவது கிருமி. மலைப்பாம்பு, போவா இனங்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோயில், செல்களுக்குள் சின்னச் சின்னப் புரதக் கட்டிகள் தங்கும். போவா வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் சுமக்கும். மலைப்பாம்பு சீக்கிரமே வானத்தைப் பார்த்தபடி தலையைத் தூக்கி, தன்னைத் தானே புரட்ட முடியாமல் போய்ச் சாகும். வேறுபாட்டை இப்படிப் பிடிக்கலாம். ஸ்பைடர் ஆட்டம் பெரும்பாலும் முட்டையிலிருந்து வந்த நாள் முதல் இருக்கும், பசி நன்றாக இருக்கும், எடை ஏறும், உற்சாகம் வந்தால் கூடும், ஓய்வில் குறையும். நோய் என்றால் நேற்றுவரை இல்லாதது இன்று தொடங்கும், வாரா வாரம் முற்றும், தின்றதைக் கக்கும், வாயில் கோழை, மூச்சில் சத்தம், எடை இறக்கம் என்று கூட்டாளிகள் வருவார்கள். வாங்கிய நாள் எடுத்த வீடியோ இருந்தால் தேடி எடுங்கள். அதில் இதே ஆட்டம் இருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்தது. மல்லாத்தும் சோதனை ஒன்று உண்டு. தரையில் துண்டு விரித்து, பாம்பை மெல்ல மல்லாக்கப் போட்டால் கோளாறில்லாத பாம்பு சில நொடியில் தலையிலிருந்து வால்வரை புரண்டு நேராகும். ஒரே ஒரு தடவை செய்து வீடியோ எடுத்துக்கொண்டால் போதும், விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள்.

ஆடும் பாம்பை வைத்திருப்பது பெரிய கஷ்டம் இல்லை, சில மாற்றங்கள் வேண்டும். உயரமான தொட்டி, ஏறும் கிளை வேண்டாம், விழுந்தால் அடி. இரண்டு முனையிலும் உடம்பை ஒட்டிப் பிடிக்கிற அளவுக்குச் சின்ன மறைவிடம் வையுங்கள். நாலு பக்கமும் உடம்பில் எதாவது தொட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் குறைகிறது. குட்டிக்கு வாய் வெட்டிய கொட்டாங்குச்சியே போதும். தண்ணீர்ச் சட்டி கனமாக, மூன்று நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். தலைகீழாகத் திருகும் பாம்பு ஆழத் தண்ணீரில் மூழ்கிவிடும். கீழே விரிக்கத் தேங்காய் மட்டைத் துண்டு நல்லது. பொள்ளாச்சி நார் மில்களில் கிடைக்கும் நார்க்கழிவில் உப்பும் தூசியும் இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே போடுங்கள். தை மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது ஈரப்பதம் சட்டென்று இறங்கும். 55 முதல் 70 சதவீதம் நிற்கும்படி பார்த்துக்கொள்ளாவிட்டால் தோல் துண்டு துண்டாக உரியும், கண் மேல் தோல் தங்கிவிடும்.

உயிருள்ள எலி போடவே கூடாது. குறி தப்புகிற பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறைய வைத்த எலியைக் குளிர்பெட்டியில் இளக்கி, பிறகு வெந்நீரில் மேனிச் சூடு வரும்வரை வைத்து, ஒரு அடி நீள இடுக்கியில் பிடித்து வாய்க்கு எதிரே ஆட்டாமல் நீட்டுங்கள். ஆட்டினால் அது துரத்தித் துரத்தித் தவறவிடும். வளரும் குட்டிக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீத அளவு எலி, வாரம் ஒன்று. வளர்ந்ததற்கு 5 சதவீதம் போல, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று. சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். இத்தனை செய்தும் தின்ன முடியாமல் எடை இறங்கிக்கொண்டே போனால், ஓய்விலும் முறுக்கு நிற்கவில்லை என்றால், வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றி டாக்டரிடம் பேசத் தயங்க வேண்டாம்.

ஸ்பைடர் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஷாம்பெய்ன், ஹிடன் ஜீன் வோமா, சூப்பர் ஸ்பாட்நோஸ், சூப்பர் சேபிள் இவற்றிலும் ஆட்டம் உண்டு. சூப்பர் சினமன், சூப்பர் பிளாக் பாஸ்டல் இரண்டிலும் மூக்கு தட்டையாகி வாத்து அலகு மாதிரி நீளலாம், முதுகில் முறுக்கும் வரலாம். பக்கவாட்டில் பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கேரமல் ஆல்பினோவில் முதுகு முறுக்கு அடிக்கடி வரும், பெண்களுக்கு முட்டை பிடிப்பதும் குறைவு. லெஸ்ஸரோடு லெஸ்ஸர் சேர்ந்து வரும் நீலக்கண் வெள்ளைப் பாம்புக்குக் கண் பிதுங்கி நிற்கலாம். டெஸர்ட் வகையில் ஆணுக்கு ஒன்றும் இல்லை. பெண்ணை இணை சேர்த்தால் கூமுட்டை இடும், இல்லையென்றால் முட்டை உள்ளேயே தங்கிச் செத்துப்போகும். ஆகவே டெஸர்ட் பெண்ணை ‘ப்ரீடிங் ஜோடி’ என்று விற்பது வெறும் மோசடி.

மற்றப் பாம்புகளில், ஜாகுவார் கார்பெட் பைதானுக்கு ஸ்பைடர் மாதிரியே நரம்புக் கோளாறு. இரண்டு நகல் வந்தால் வெள்ளைக் குட்டியாகப் பொரிந்து உடனே சாகும். சூப்பர் மோட்லி போவா நன்றாக வளர்வது போல் வளர்ந்துவிட்டு, பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதில் போய்விடும். கார்ன் ஸ்னேக்கில் இருக்கும் ‘ஸ்டார்கேஸர்’தான் இவற்றில் தந்திரமானது. அது ஒடுங்கு மரபணு, ஒரு நகல் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சன்கிஸ்டு என்ற நிற வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வந்து, சுமக்கும் இரண்டு பாம்பு சேர்ந்த அன்றைக்கு நாலில் ஒரு குட்டி வானம் பார்த்தபடி பிறக்கும். அதே ஈட்டில் நன்றாகத் தெரியும் மற்றக் குட்டிகளில் ஒவ்வொன்றும் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு. அவற்றை ‘நார்மல்’ என்று விற்றுவிடுகிறார்கள், கோளாறு ஊர் ஊராகப் போகிறது. சன்கிஸ்டு வாங்கும்போது பெற்றோர் சோதித்தவையா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

நெருங்கிய உறவில் இணை சேர்ப்பது தனிக் கதை. புது நிறம் ஒரே ஒரு பாம்பில் தோன்றும். ஒடுங்கு மரபணு என்றால் அதை வெளியே கொண்டுவர அப்பனை மகளோடு சேர்ப்பார்கள். நம் ஊரில் மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு உட்கலப்புக் கெழு (ஒரே மூதாதையின் ஒரே மரபணு நகல் இரு வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு) 6.25 சதவீதம், அக்கா மகளைக் கட்டினால் 12.5. பாம்பில் அப்பன்-மகள் சேர்க்கை என்றால் 25. அதையும் இரண்டு மூன்று தலைமுறை அடுக்கினால் கண் சிறுத்த குட்டி, ஒற்றைக் கண், கூமுட்டை, தானாகத் தின்னாத குட்டி என்று வரிசையாக வரும். ஸ்பைடர் ஆட்டம் போல் இல்லாமல், சம்பந்தமில்லாத இரத்தம் கலந்தால் இது பெருமளவு சரியாகிவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் “வெளி இரத்தம் கலந்தால் ஸ்பைடரும் சரியாகும்” என்ற நம்பிக்கை பரவியது.

முதுகு முறுக்கிய குட்டியைப் பார்த்ததும் மரபணு என்று முடிவு கட்டக் கூடாது. பால் பைதான் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி, 55 முதல் 60 நாள். பாலக்காட்டு ஏப்ரலில் அறை 38 இருந்தால் இன்குபேட்டரும் 38தான், அதிலிருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் சூடாக்க மட்டும்தான் தெரியும். ஏ.சி. அறையோ குளிர்விக்கவும் செய்கிற இன்குபேட்டரோ இல்லாமல் இங்கே கோடையில் முட்டை வைப்பது சூதாட்டம். பிரித்தறிய வழி இருக்கிறது. நிறம் எதுவானாலும் ஈடு முழுக்க முறுக்கு என்றால் சூடு. ஒரு நிறக் குட்டிகளில் மட்டும், உதாரணமாக சூப்பர்களில் மட்டும் என்றால் மரபணு. சரியான சூட்டில் வைத்தும் அதே ஜோடி இரண்டாவது ஈட்டிலும் முறுக்கிய குட்டி தந்தால் அந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள்.

அடுத்த பாம்பு வாங்குவதானால் கையில் எடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கழுத்திலிருந்து வால்வரை மெல்ல ஓட்டிப் பாருங்கள். முடிச்சோ பள்ளமோ தட்டக் கூடாது. மேலிருந்து பார்த்து இரண்டு கண்ணும் ஒரே அளவா என்று பாருங்கள், பக்கத்திலிருந்து மூக்கைப் பாருங்கள். கண் முன்னால் ஒரு எலி கொடுக்கச் சொல்லுங்கள், இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டியதில்லை. ‘ஹெட்’ (ஒடுங்கு மரபணுவின் ஒரு நகலை வெளியே தெரியாமல் சுமப்பது) என்று சொன்னால் பெற்றோர் படத்தைக் கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பால் பைதான், போவா இரண்டும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பவை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், 2024இல் வந்த விதிகளின்படியும், இவற்றை வைத்திருப்பது, குட்டி பிறப்பது, இறப்பது, கைமாறுவது எல்லாம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவாக வேண்டும். கோவையில் வாங்கி வாளையார் தாண்டிக் கொண்டுவந்தது உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டியில் அடைத்து வந்து பிடிபடுகிறவற்றில் இதே பால் பைதான்களும் உண்டு, காகிதம் இல்லாதது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நம் ஊர் மலைப்பாம்பு, மண்ணுளி இவற்றை வளர்ப்பதற்கே அனுமதி இல்லை. முடியவில்லை என்று ஆழியாறு, பரம்பிக்குளம் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். உங்கள் பாம்பு சுமக்கும் வைரஸ் காட்டு மலைப்பாம்புக்குப் போகும்.

டாக்டரிடம் காட்ட உங்களுக்குப் பக்கம் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லையென்றால் உடுமலைப்பேட்டை கல்லூரி. முன்கூட்டியே கூப்பிட்டு ஊர்வன பார்க்கும் டாக்டர் எந்த நாள் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலி தின்று நாலைந்து நாள் கழித்து, பருத்தித் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைக் காற்றுத் துளையிட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள். எடைக் குறிப்பு, வெப்பநிலை எழுதிய தாள், வாங்கிய நாள் வீடியோ, போன வார வீடியோ நான்கும் கையில் இருக்கட்டும்.